ஐந்து அணி லீக்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பெலே நியூயார்க் காஸ்மாஸ் அணிக்கு ஆடிய காலத்தைப் பற்றிய உங்கள் கட்டுரையில் ஃபில் வூஸ்னம் ஒரே ஒரு வரியில் வந்துபோகிறார். வட அமெரிக்கக் கால்பந்து லீக்கை அளவுக்கு மீறிப் பெருக்கி, கடைசியில் கவிழ்த்தவர் என்றுதான் அவரைப் பற்றிப் படித்திருக்கிறேன். உங்கள் கருத்தும் அதுதானா?

க.

அன்புள்ள க.,

பாதி அதுதான். மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன்.

வூஸ்னம் 1932-ல் வேல்ஸின் கிராமப்புறத்தில் பிறந்தவர். பாங்கரில் இயற்பியல் பட்டம் வாங்கி, லண்டனில் பள்ளி வாத்தியாராக இருந்துகொண்டே லேட்டன் ஓரியன்ட் கிளப்புக்கு ஆடினார். அன்று இங்கிலாந்தில் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அதை நீக்கிய 1961-ல்கூட வாரத்துக்கு 20 பவுண்டுதான். வாத்தியார் வேலையை எவன் விடுவான்? அப்புறம் வெஸ்ட் ஹாம், ஆஸ்டன் வில்லா. வேல்ஸ் தேசிய அணிக்கு 17 ஆட்டங்கள்.

1966-ல் அமெரிக்கா போய் அட்லாண்டா சீஃப்ஸ் அணியில் ஆட்டக்காரர், பயிற்சியாளர் இரண்டுமாக இருந்தார். 1968-ல் இங்கிலாந்தின் சாம்பியன் மான்செஸ்டர் சிட்டி சுற்றுப்பயணம் வந்தபோது, சீஃப்ஸ் அவர்களை ஒரு முறை இல்லை, இரண்டு முறை தோற்கடித்தது. அந்த வருட வட அமெரிக்க லீக் கோப்பையும் சீஃப்ஸுக்கே.

கோப்பை வந்த கையோடு லீக்கே சரிந்தது. 17 அணிகளில் மிஞ்சியவை ஐந்து. அந்த நேரத்தில்தான் லீக்கை நடத்தும் பொறுப்பை வூஸ்னம் ஏற்றார். அட்லாண்டா ஸ்டேடியத்தின் அடித்தளத்தில் ஒரு அறை. கூட கிளைவ் டாய் என்ற முன்னாள் பத்திரிகையாளர். இரண்டு பேரும்தான் லீக். 1969 சீசனின் முதல் பாதியை ஓட்ட, பிரிட்டனிலிருந்து ஐந்து கிளப்புகளைக் கூட்டி வந்து ஆளுக்கொரு அமெரிக்க ஊர்ப்பெயரைக் கொடுத்தார்கள். வெஸ்ட் ஹாம் பால்டிமோர் ஆனது, ஆஸ்டன் வில்லா அட்லாண்டா ஆனது. இரண்டும் வூஸ்னமின் பழைய கிளப்புகள் என்பதைக் கவனியுங்கள். தெரிந்த வீட்டுக் கதவைத் தட்டியிருப்பார் என்பது என் ஊகம்.

டிரா என்றால் அமெரிக்க ரசிகனுக்குப் பிடிக்காது என்று அவர் காலத்தில் ஷூட்அவுட் கொண்டுவந்தார்கள். ஆட்டக்காரர் கோலிலிருந்து 35 கெஜத்தில் பந்தோடு நிற்பார். ஐந்து நொடிக்குள் அடித்தாக வேண்டும். கீப்பரும் சும்மா கோட்டில் நிற்கமாட்டார், பாய்ந்து முன்னே வருவார். பார்க்க எனக்குப் பெனால்ட்டியைவிட இதுதான் பிடிக்கும். ஆஃப்சைடுக்கும், அதாவது பந்து வருமுன்னே எதிரணிக் கோல் பக்கம் போய் நிற்பதைத் தடுக்கும் விதிக்கும், அதே 35 கெஜக் கோட்டை வைத்தது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவுக்குப் பிடிக்கவில்லை.

1975-ல் பெலே வந்தார். 1977-ல் காஸ்மாஸின் ஒரு ஆட்டத்துக்கு 77,691 பேர். சபலம் இங்கேதான் தொடங்கியது. மறுவருடமே அணிகள் 24 ஆயின. எல்லா ஊரும் நியூயார்க் ஆகிவிடும் என்று வூஸ்னம் நம்பிவிட்டார். மற்ற அணிகளின் முதலாளிகள் காஸ்மாஸைப் பார்த்துக் கடன் வாங்காத குறையாகச் செலவழித்தார்கள், கூட்டம் வரவில்லை. ஆட்டங்களை ஒளிபரப்பிய ஏபிசி தொலைக்காட்சியும் இரண்டே சீசனில் கைகழுவியது. முதலாளிகள் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 1984-தான் கடைசி சீசன்.

பெருக்கியது அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அடித்தள அறையில் அவர் உட்காராமல் போயிருந்தால், கவிழ்க்க ஒரு லீக்கே இருந்திருக்காது. கட்டுரையில் அந்த ஒரு வரியைத் திருத்தி, 1969-ஐயும் சேர்த்துவிடுகிறேன்.