உறவுமுறைப் பாடத்தில் ‘கசின்’ வேண்டாம்

கேள்வி: இளங்கலை மானிடவியல் வகுப்பில் உறவுமுறைப் பாடம் வந்தாலே மாணவர்கள் மிரள்கிறார்கள். எப்படி நடத்துவது?

பாடநூலில் உள்ள ‘கிராஸ் கசின்’ (மாமா, அத்தை பிள்ளைகள்), ‘பேரலல் கசின்’ (சித்தப்பா, பெரியப்பா, சித்தி, பெரியம்மா பிள்ளைகள்) வரையறைகளை முதல் நாளே கரும்பலகையில் எழுதாதீர்கள். சித்தப்பா மகளையும் மாமா மகளையும் ஒரே ‘கசின்’ ஆக்கிவிட்டு, பிறகு பிரித்துக் காட்டுவது ஆங்கிலம் பேசுபவருக்குத் தேவைப்படும் சுற்றுவழி. தமிழ் மாணவருக்கு அந்தப் பிரிவு வாயிலேயே இருக்கிறது.

ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்: “அப்பாவுடைய அத்தை மகன் உங்களுக்கு என்ன முறை?” கொஞ்சம் யோசித்து ‘மாமா’ என்பார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று விடாமல் கேளுங்கள். ‘அப்பாவுக்கு மச்சான், அதனால் எனக்கு மாமா’ என்று வரும். திராவிட உறவுமுறையின் கணக்கே அதுதான். 1871இல் அமெரிக்க மானிடவியலாளர் மார்கன், தமிழ் முறையும் வட அமெரிக்கப் பழங்குடிகளான இரோக்வாய்களில் ஒரு பிரிவினரான செனெகா மக்களின் முறையும் ஒன்றே என்று நினைத்தார். செனெகாவில் இதே ஆள் ‘அப்பா’ முறை. அவர் பிள்ளைகள் உடன்பிறப்புகள். தமிழில் அவர்கள் கட்டிக்கொள்ளும் முறை. இந்த வேறுபாட்டை 1964இல் மானிடவியலாளர் லவுன்ஸ்பரி தெளிவாக்கினார். அம்மாவின் உடன்பிறந்தவர், மாமனார் இருவருக்கும் ‘மாமா’ என்ற ஒரே சொல் ஏன் என்ற கேள்வி இங்கே தானாக எழும்; திராவிட உறவுச் சொற்களைத் திருமணத்தோடு இணைத்து விளக்கும் பிரெஞ்சு மானிடவியலாளர் தூய்மோனின் 1953 கட்டுரையை அப்போது கொடுங்கள், முன்னால் வேண்டாம்.

பிறகு வரைபடம். ஏ4 தாளைக் குறுக்கே வைத்து, பென்சிலால், யாருடைய உறவுகளைக் கணக்கிடுகிறோமோ அந்தத் ‘தான்’ என்பவரை நடுவில் போட்டு மூன்று தலைமுறை. ஓரத்தில் தொடங்கினால் அம்மா பக்கத்துக்கு இடம் இருக்காது. ஆண் முக்கோணம், பெண் வட்டம். படுகோடு குறிகளுக்கு மேலே போனால் உடன்பிறப்பு, கீழே போனால் திருமணம். பாதிப் பேர் இதைத்தான் மாற்றிப் போடுவார்கள். திருமணத்துக்கு இரட்டைக் கோடு என்று வைத்துவிட்டால் தொல்லை குறையும். அக்கா மகளைக் கட்டியவர் இருந்தால் கோடு தலைமுறை தாண்டிச் சாயும், சாயட்டும். ஒரே ஆளை இரண்டு இடத்தில் வரைந்தால்தான் பிழை.

வரைபடத்தில் உறவுச் சொற்களை எழுத, நேரில் அழைக்கும் சொல்லைக் கேட்டால் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’யாகக் குவியும். மூன்றாம் ஆளிடம் அவரை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்க வேண்டும். இன்னொரு குழப்பம் ‘பங்காளி’. பெரியம்மா மகன் அண்ணன் முறைதான், ஆனால் பங்காளி அல்ல. அது அப்பா வழியில் சொத்துப் பங்கு உள்ளவருக்கான சொல்.

சொந்தக் குடும்பத்தைத்தான் வரைய வேண்டும் என்று கட்டாயப்படுத்தாதீர்கள். தத்து, பிரிந்த பெற்றோர், சாதி மாறிய திருமணம் எல்லாம் அந்தத் தாளில் வந்துவிடும். கற்பனைக் குடும்பம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். எதை வரைந்தார்கள் என்று வகுப்பில் கேட்காதீர்கள்.