மாட்டுக்கறிக் குழம்பை அரை மணி நேரம் கொதிக்கவிட்டும் கறி ரப்பர் மாதிரி இருக்கிறதே, ஏன்?

நேரம் போதவில்லை, அதுதான் விஷயம். கறியின் தசைகளைப் பிணைத்து வைத்திருப்பது கொலாஜன் என்ற புரதம். 70 டிகிரிக்கு மேலான ஈரச் சூட்டில் நெடுநேரம் கிடந்தால்தான் அது கரைந்து ஜெலட்டின் என்ற மென்மையான கூழாகும். அதுவரை கறி இறுகத்தான் செய்யும். பயந்து அடுப்பை அணைத்துவிடாதீர்கள்.

சென்னையில் புளியந்தோப்பு, வியாசர்பாடிப் பக்கம் வாங்கினால் குழம்புக்கு என்று சொல்லி, நெஞ்சுக்கறியும் கால்கறியும் எலும்போடு கேளுங்கள். கொழுப்பில்லாத வெறும் சதை நெடுநேரம் வெந்தால் சக்கையாகிவிடும்.

1 கிலோ கறிக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், 2 தக்காளி. இஞ்சி பூண்டு பச்சை வாசனை போனதும் கறியைப் போட்டு, உப்பும் மஞ்சளும் சேர்த்து வதக்குங்கள். இந்த இடத்தில் அவசரமே கூடாது. கறி விட்ட தண்ணீர் முதலில் சளசளவென்று கொதிக்கும். அது சுண்டியதும் சடசடவென்று பொரியும் சத்தம் வரும். அப்போது தீயைக் குறைத்து 3 ஸ்பூன் குழம்பு மிளகாய்த்தூள். தூள் எண்ணெயில் நிறம் இறங்க வேண்டும். கருகினால் குழம்பே கசந்துவிடும், அதைச் சரிசெய்ய வழியில்லை.

பிறகு சுடுதண்ணீர் ஊற்றி, மூடி, சிம்மில் இரண்டு, இரண்டரை மணி நேரம். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும். (குக்கர் வேலையைச் சுருக்கும், ஆனால் குழம்பு இப்படிச் சுண்டி வராது.) கரண்டி பட்டதும் எலும்பைவிட்டுக் கறி விலகி, எண்ணெய் மேலே பிரிந்து நின்றால் வெந்துவிட்டது. தட்டிய மிளகையும் சோம்பையும் கடைசிப் பத்து நிமிடத்தில் போடுங்கள். முன்பே போட்டால் வாசனை பறந்துவிடும்.