பாங்காக்கில் இ-சிம் சிக்னல் காட்டுகிறது, நெட் வரவில்லை: பதில்

வணக்கம். ஐபோனில் சிக்னல் கோடுகள் தெரிந்தும் நெட் ஓடவில்லை, இ-சிம்மை (அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றும் சிம்) அழித்துவிட்டு மறுபடி ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். இ-சிம்மை ஏற்றத் தரும் க்யூஆர் கோடுகளில் பெரும்பாலானவை ஒருமுறைதான் வேலை செய்யும். அழித்தால் போட்ட பணம் போய்விடும்.

செட்டிங்ஸில் இ-சிம் லைனைத் தொட்டு டேட்டா ரோமிங்கை ஆன் செய்யுங்கள். பயண இ-சிம்கள் பலவும் வேறு ஏதோ ஒரு நாட்டு நிறுவனத்துடையவை. தாய்லாந்து நெட்வொர்க்கில் அவையும் ரோமிங்கில்தான் இருக்கின்றன. அதனால் ரோமிங் ஆஃப் என்றால் சிக்னல் வரும், டேட்டா வராது. உங்கள் சிக்கல் அநேகமாக இதுதான்.

பிறகு மொபைல் டேட்டாவுக்கு இ-சிம்மைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே 'அலவ் மொபைல் டேட்டா ஸ்விட்ச்சிங்' என்பதை அணையுங்கள். இந்த ஸ்விட்ச்சிங்கும், போனில் உள்ள உங்கள் இந்திய சிம்மின் டேட்டா ரோமிங்கும் ஆனில் இருந்தால், போன் சத்தமில்லாமல் அந்த சிம்முக்குத் தாவிவிடும், பில் எகிறும்.

இன்னும் வரவில்லையா? வாங்கியபோது வந்த மின்னஞ்சலில் ஏபிஎன் பெயர் (நெட்டுடன் இணைய போனுக்குத் தேவையான இணைப்புப் பெயர்) இருக்கும். எழுத்துப் பிசகாமல் அதை இட்டு, ஏரோபிளேன் மோடை ஒரு நிமிடம் போட்டு எடுங்கள்.

வங்கி ஓடிபிக்கு இந்திய சிம் லைன் ஆனில் இருக்கட்டும், அதன் டேட்டா ரோமிங் மட்டும் ஆஃப். அந்த எண்ணில் சர்வதேச ரோமிங் சேவை இயங்கினால்தான் எஸ்எம்எஸ் வரும். ரோமிங் பேக் இல்லாமல் அதில் வரும் அழைப்பை எடுக்காதீர்கள். நிமிடக் கணக்கில் காசு போகும்.