இமையில் சிவப்பு, படியேற முடியவில்லை

கேள்வி: என் மகளுக்கு 7 வயது. சில மாதங்களாக மேல் இமைகள் ஊதா கலந்த சிவப்பாக இருக்கின்றன. விரல் முட்டிகளில் தடிப்பு. அலர்ஜி என்று களிம்பு கொடுத்தார்கள், குறையவில்லை. இப்போது மாடிப்படி ஏறத் தூக்கச் சொல்கிறாள். சோம்பேறித்தனம் என்கிறார் மாமியார். ஒட்டிக்கொள்ளும் என்று வகுப்பில் தனியாக உட்கார வைக்கிறார்கள். என்ன செய்வது?
‍— ஒரு தாய், தஞ்சாவூர்

பதில்: மாடிப்படி பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து, எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள். குப்புறத் திரும்பி, கையை ஊன்றி, அப்புறம் தொடையைப் பிடித்துப் பிடித்து நிமிர்கிறாள் என்றால் இடுப்பிலும் தொடையிலும் தசை பலம் குறைந்திருக்கிறது. தலைவாரக் கையைத் தூக்கி வைத்திருக்க முடிகிறதா என்றும் பாருங்கள். செல்போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இமையில் ஊதா நிறம், விரல் முட்டிகளில் தடிப்பு, தசைப் பலவீனம் மூன்றும் சேர்ந்து வந்தால் ‘ஜுவனைல் டெர்மட்டோமயோசிடிஸ்’ நோயாக இருக்கலாம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, தோலையும் தசையையும் சிறு ரத்தக் குழாய்களையும் தாக்குவதால் வருவது. அரிதான நோய், ஆண்டுக்கு 10 லட்சம் பிள்ளைகளில் 2 முதல் 4 பேருக்குத்தான் வரும். அதனாலேயே தோல் அலர்ஜி என்று நாள் கடந்துவிடுகிறது. தடிப்புக்கு ஒரு டாக்டர், கால்வலிக்கு இன்னொரு டாக்டர் என்று போகாமல், எல்லாவற்றையும் ஒரே குழந்தைகள் நல மருத்துவரிடம் சொல்லுங்கள். ருமட்டாலஜி (மூட்டு, தசை, எதிர்ப்பு சக்தி நோய்கள்) நிபுணரிடம் அனுப்பும்படி நீங்களே கேளுங்கள்.

தசை பாதிப்பைக் காட்டும் சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அது நார்மலாக வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது, தொடைக்கு எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். உறுதியானால், எதிர்ப்பு சக்தியின் தாக்குதலை அடக்கும் மருந்துகளான ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்ஸேட்டும் தருவார்கள். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள்தான்; மறந்துபோய் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் கிழமையைக் குறித்து வையுங்கள். முகம் ஊதுகிறது, யாரோ பயமுறுத்தினார்கள் என்று ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தவே கூடாது. சிகிச்சை தாமதமானால் தோலுக்கடியில் சுண்ணாம்புக் கட்டிகள் உருவாகலாம். சீக்கிரம் தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகள் ஓடியாடும் நிலைக்குத் திரும்புகிறார்கள், தைரியமாக இருங்கள்.

வெயில் பட்டால் தடிப்பு கூடும். முழுக்கைச் சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன் மூன்றும் வேண்டும்.

விழுங்கும்போது புரையேறுவது, தண்ணீர் மூக்கு வழியாக வருவது, குரல் மாறுவது, மூச்சு வாங்குவது, கடும் வயிற்றுவலி, கறுப்பாக மலம் போவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே, ராத்திரியானாலும், அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு: இது தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. மருத்துவரிடம் இரண்டு வரி எழுதி வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றவும் கேளுங்கள். மாமியாரிடம் அந்த வீடியோவைக் காட்டுங்கள். பேத்தி எழுந்திருக்கப் படும் பாட்டைப் பார்த்தபிறகு சோம்பேறி என்று சொல்ல அவருக்கும் மனசு வராது.