ஏசினா தைக்கிற பீஸ் கூடுமா?

கேள்வி: களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு சின்னத் தையல் இடத்தில லைன் சுப்பவைசரா இருக்கன் அக்கா. மத்தியானத்துக்குப் பிறகு டாகெட் (மணிக்கு இத்தின பீஸ் எண்ட இலக்கு) விழுகுது. தைக்கிற பிள்ளையளுக்குச் சோம்பல், நல்லா ஏசு, வரவுக் காசில (ஒழுங்கா வேலைக்கு வந்தாக் குடுக்கிற காசு) வெட்டு எண்டு முதலாளி சொல்றார். எனக்கு மனமில்ல. என்ன செய்ய?

பதில்: தங்கச்சி, காலம்பற ஒழுங்காத் தைக்கிற அதே பிள்ளை ரெண்டு மணிக்கு எப்பிடிச் சோம்பேறி ஆகுது? சூடான கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல நம்மட மத்தியானம் எப்பிடி எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, அதுவும் தகரத்துக்குக் கீழ, நடுவில அயன் மேசையும் கிடந்தா ஃபேன் சூட்டைத்தான் சுத்திச் சுத்தி அடிக்கும். அயன் மேசைய கிழக்குப் பக்கக் கதவடிக்கு மாத்துங்க, கச்சான் மேற்கால இருந்து வாறதால சூடு வெளிய போகும்.

நாளைக்கு மூணு மணிக்கு மெசினடியில இருக்கிற தண்ணிப் போத்தல்களப் பாருங்க. நிறைஞ்சபடி இருந்தா பிள்ளையள் குடிக்கல எண்டு அர்த்தம். டொய்லட்டுக்குப் போக உங்கள்ட்ட டோக்கன் கேக்கணுமா, கேட்டா ஒரு பார்வை பாக்கிறீங்களா? (கோவிக்காதீங்க, கனபேர் செய்யிறதுதான்.) அந்த டோக்கன நிப்பாட்டுங்க. தலையிடியோட கை ஓடாது.

ஏசினா அண்டைக்கு வேகம் கூடின மாதிரித்தான் தெரியும். ஆனா சட்டையில இடக்கை வலக்கை மாத்திப் பூட்டின பீஸை அந்தப் பிள்ளை உங்கள்ட்டக் கொண்டு வராது, கட்டுக்கு அடியில சொருகிரும், பிறகு செக்கிங்கில இருந்து முழுக்கட்டும் திரும்பி வரும். அமெரிக்காவில எமி எட்மண்ட்சன் எண்டவ ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்துப் பிழைகளப் பத்தி ஆராய்ஞ்சு 1996ல எழுதினவ, நல்ல தலைமை இருக்கிற வார்டில பிழை குறைவா இருக்கும் எண்டு பாத்தா பதிவில கூடவாக் கிடந்திச்சு. அங்க தாதிமார் பயமில்லாம வாய் திறந்து சொல்லியிருக்காங்க எண்டதுதான் அவ கண்டுபிடிச்ச காரணம். சொன்னாத்தானே திருத்தலாம்.

வரவுக் காசில கை வைக்க விடாதீங்க. கை பழகின பிள்ளை கோவிச்சுப் போனா நட்டம் முதலாளிக்குத்தான், இத அவர்ட்ட நேராவே சொல்லலாம். ரெண்டு கிழமைக்கு மணிக்கு மணி எத்தின பீஸ், எத்தின திரும்பி வந்த எண்டு கொப்பியில எழுதுங்க, முதல் கிழமை இப்ப இருக்கிற மாதிரி, அடுத்த கிழமை மேசைய மாத்தி, தண்ணி குடிக்க விட்டு. அவர் கணக்குக்குத்தான் மசிவார்.

காத்தோட்டம், குடிதண்ணி எல்லாம் 1942ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலயே இருக்கு, ஆனா அத முதல்லயே தூக்கிப் போட்டுக் கதைக்காதீங்க, கொப்பியக் காட்டியும் அவர் அசையாட்டித்தான் மட்டக்களப்புத் தொழில் திணைக்களத்துப் பக்கம் போகணும்.