பினாங்குக்குப் படகிலேயே போய் இறங்குங்கள்

கேள்வி: என் மகள் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். அவளைப் பார்க்க நானும் என் கணவரும் திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு டிக்கெட் போட்டிருக்கிறோம். விடிந்ததும் இறங்கிவிடுவோம். “அங்கேயே இன்னொரு விமானம் ஏறினால் ஒரு மணி நேரம்தான்” என்கிறாள் மகள். இவருக்கோ ரயிலிலும் ஃபெரியிலும் போக ஆசை. எனக்கு முழங்கால் வலி, மலாயும் தெரியாது. ஒரே நாளில் இது நடக்கிற காரியமா, ஐயா?
– வாசகி, திருவாரூர்

பதில்: நடக்கும் அம்மா. நான் உங்கள் வீட்டுக்காரர் கட்சி. விமானத்தில் போனால் தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் இறங்கி, வண்டி பிடித்து, நெரிசலில் ஊருக்குள் வர வேண்டும். ஃபெரியில் போனால் ஜார்ஜ்டவுன் நகரத்தின் வாசலிலேயே கால் வைப்பீர்கள்.

போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்பிவிடுங்கள். இலவசம்தான், மகளையே செய்யச் சொல்லுங்கள். ரயில் டிக்கெட்டையும் முன்பே போட்டுவிட வேண்டும். பள்ளி விடுமுறை, தீபாவளி, சீனப் புத்தாண்டு சமயங்களில் இடமே கிடைக்காது. ஏழு மணிக்கு விமானம் இறங்குகிறது என்றால் பதினொரு மணிக்கு முந்தைய ரயிலைத் தொடவே வேண்டாம். குடிநுழைவு வரிசை என்றைக்கு எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விமான நிலையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் அரை மணி நேரம். நேரம் மிச்சமிருந்தால் ஸ்டேஷனை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொள்ளுங்கள். ரயில்வேக்காக வந்த தமிழர்கள் குடியிருந்து வளர்ந்த பகுதி அது. தோசை, இட்லி, வடை எல்லாம் கிடைக்கும், தமிழிலேயே கேட்டு வாங்கலாம். மதியத்துக்கும் ஒரு பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். ரயில் கேன்டீனில் சைவம் கிடைப்பது நிச்சயமில்லை. அப்புறம், ஒரு சால்வையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ரயிலில் ஏசி எலும்பு வரை குளிரும், முழங்கால் வலிக்காரர்களுக்கு அது ஆகாது.

கேஎல் சென்ட்ரலிலிருந்து, தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த் போய்ச் சேர நாலு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். தஞ்சோங் மாலிம் வரை தூங்கினாலும் பரவாயில்லை. ஈப்போ நெருங்கும்போது மட்டும் விழித்திருங்கள். செங்குத்தான சுண்ணாம்புக்கல் குன்றுகள் வெள்ளையும் பச்சையுமாய் எழும்பி நிற்கும். கோலகங்சார் தாண்டியதும் மூன்று கிலோமீட்டருக்கும் நீளமான சுரங்கப்பாதை வரும். அதைக் கடந்தால் தைப்பிங்.

தைப்பிங் நான் பிறந்த ஊர், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே சொல்கிறேன். மலாயாவின் முதல் ரயில் 1885-ல் இங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்கு ஓடியது. எட்டு மைல்தான். ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை. பிற்பாடு ரயில்வே வளர வளர, தண்டவாளம் போட்டதிலும் பராமரித்ததிலும் நம் ஊர்ப் பக்கத்து ஆட்கள் ஏராளம், ஸ்டேஷன் மாஸ்டர்களாக யாழ்ப்பாணத்தார். மழைக்குப் பேர்போன ஊர். நீங்கள் போகும்போதும் சன்னலில் நீர் வழிந்துகொண்டிருக்கலாம். சற்று நேரத்தில் புக்கிட் மேரா ஏரி. தண்டவாளம் தண்ணீருக்கு நடுவிலேயே போகும், இரண்டு பக்கமும் நீர்தான்.

பட்டர்வொர்த்தில் இறங்கினால் பினாங்கு சென்ட்ரல் கட்டடம் வழியாகக் கூரை போட்ட நடைபாதையிலேயே ஃபெரித்துறைக்குப் போய்விடலாம். பெட்டிக்குச் சக்கரம் இருக்கட்டும். அவசரப்படவே வேண்டாம், இந்தப் படகு போனால் அடுத்தது. கட்டணம் 2 ரிங்கிட். காசாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், அதனால் வங்கி அட்டையைக் கையில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்புப் பலகைகளில் ஆங்கிலமும் உண்டு, மொழியை நினைத்துப் பயப்படாதீர்கள்.

1894 முதல் இந்தக் கடற்கால்வாயில் ஃபெரி ஓடுகிறது. கார்களையும் ஏற்றிப் போன பழைய பெரிய படகுகள் 2020 கடைசியோடு நின்றுபோனதில் எங்களில் பலருக்குத் தீராத வருத்தம். 2023-ல் வந்த புதியவற்றில் ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும்தான். கால் மணி நேரத்துப் பயணம்தான் என்றாலும் உட்கார்ந்துகொண்டு கைப்பேசியைப் பார்க்காதீர்கள். எதிரே கொம்தார் கோபுரமும் அதன் பின்னே பினாங்கு மலையும் தெரியும். இடது கையில், தூரத்தில், 1985-ல் திறந்த பாலம்.

நீங்கள் திருவாரூர் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர்களுக்கு, நாள்கணக்கில் கடலைப் பார்த்த பிறகு, முதலில் வந்த மலாயாத் துறைமுகம் பினாங்குதான். என் தாத்தாவும் அப்படி வந்தவர். உங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இந்த வாசல் வழியாகத்தான் இந்த நாட்டுக்குள் வந்தன. அந்தத் தண்ணீரைப் பார்க்காமல் மேகத்துக்கு மேலே பறந்து போவதில் எனக்குச் சம்மதமில்லை.

கரையேறும்போது சாயங்காலம் ஆகியிருக்கும். பல்கலைக்கழகம் அதே தீவில், குளுகோரில்தான் இருக்கிறது. மகளைத் துறைக்கே வரச் சொல்லிவிடுங்கள். கால் ஒத்துழைத்தால் குயின் தெருவில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவிலேயே சாப்பிட்டுவிட்டு, வாடகைக் காரில் போங்கள். கால் வலித்தால் கோயிலை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். திரும்பும்போது வேண்டுமானால் மகள் சொன்ன விமானத்தில் ஏறிக்கொள்ளுங்கள்.