வைனின் நூலகங்கள் தம் உள்தரவை எதுவரை பகிரலாம்? கேள்வி பதில்

லினக்ஸ் கணினியில் விண்டோஸ் நிரல்களை ஓட்டும் வைன், விண்டோஸின் நூலகங்களை (பல நிரல்கள் பொதுவாக அழைத்துப் பயன்படுத்தும் நிரல்தொகுப்புகளை) ஒவ்வொன்றாகப் புதிதாக எழுதி வைத்திருக்கும் திட்டம். 1993இல் தொடங்கியது. அதைப் பற்றி மலையக நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இவை.

ஹட்டன், உயர்தர மாணவன்: அக்கா, சாளரங்களைக் கையாளும் யூசர்32 நூலகம் ஒவ்வொரு சாளரத்தின் விவரத்தையும் தனக்குள் ஒரு கட்டமைப்பில் வைத்திருக்கிறது என்று படித்தேன். மற்ற நூலகங்களும் அதையே நேராகப் படித்தால் வேகமாக இருக்குமே? கட்டமைப்பை எல்லா நூலகங்களும் சேர்த்துக்கொள்ளும் ஒரு பொதுத் தலைப்புக் கோப்பில் போட்டால் போதாதா?

தம்பி, கொழுந்து நிறுத்த கணக்கு வேண்டுமென்றால் காரியாலயம் கணக்கப்பிள்ளையிடம் தொகையைத்தான் கேட்கும். அவருடைய சட்டைப்பைக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துத் தானே படிக்கத் தொடங்கினால், அவர் எழுதும் முறையை மாற்றும் நாளில் சம்பளக் கணக்கு பிழையாகிவிடும். நூலகங்களுக்கிடையிலும் இதே ஆபத்துத்தான்.

வைனில் இது இன்னும் கடுமையானது. வைனின் நூலகம் ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மைக்ரோசொப்டின் அசலை வைக்கப் பயனருக்கு வழி இருக்கிறது. பல நிரல்கள் தமக்கு வேண்டிய நூலகங்களைக் கையோடு கொண்டு வருகின்றன. வைனின் ஒரு நூலகம் இன்னொன்றின் உள்கட்டமைப்பை எட்டிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள். அந்த இன்னொன்று மாற்றப்பட்டதும், அதே முகவரியில் முற்றிலும் வேறு தரவு இருக்கும். பிழைச் செய்தி வராது. நினைவகம் மெல்லக் கெடும், காரணம் எங்கோ ஒளிந்திருக்கும். இப்படிப்பட்ட பிழையைத் தேடுவதைவிடக் கொடிய வேலை இத்துறையில் இல்லை.

இன்னொன்றையும் கவனி. சாளரம் வேறொரு நிரலுக்குச் சொந்தமாக இருக்கலாம். அப்போது அதன் கட்டமைப்பு உன் நிரலின் நினைவகத்திலேயே இல்லை. வைன் தன் உள்தேடலில் இதற்கென்றே, ‘சாளரம் உண்டு, ஆனால் வேறு நிரலுடையது’ என்று சொல்லும் தனி அடையாள மதிப்பு ஒன்றை வைத்திருக்கிறது. சுட்டியை, அதாவது நினைவக முகவரியை, பகிர்ந்துகொண்டவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். சாளரத்தின் அடையாள எண்ணான ஹேண்டிலைப் பகிர்ந்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். 2021, 2022இல் வைன் செய்த பெரிய மாற்றமும் இத்திசையில்தான்: சாளரங்களையும் வரைகலைப் பொருள்களையும் நிர்வகிக்கும் உள்வேலை வின்32யூ என்ற ஒரே நூலகத்துக்கு நகர்ந்தது. இப்போது யூசர்32உம், வரைகலையைக் கவனிக்கும் ஜிடிஐ32உம் அதனிடம்தான் கேட்கின்றன.

தலவாக்கலை, தோட்டக் காரியாலய எழுதுவினைஞர்: எங்கள் பழைய செக்ரோல் (தொழிலாளர் வேலைநாள், சம்பளப் பதிவு) நிரல் வைனில் அடிக்கடி நின்றுவிடுகிறது. விண்டோஸிலிருந்து யூசர்32, கர்னல்32 கோப்புகளைப் பிரதி செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம் ஐயா. என்டிடிஎல்எல், கர்னல்32, யூசர்32, ஜிடிஐ32 ஆகிய நான்கும் விண்டோஸ் கருவோடு (இயங்குதளத்தின் மையப் பகுதியோடு) அந்தரங்கமாகப் பேசுபவை. அந்தக் கரு வைனில் இல்லை. சி++ இயக்கநேர நூலகங்கள் போன்றவற்றை மாற்றிப் பார்ப்பதில் தவறில்லை. நிரலில் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால், பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவை வைனின் விண்டோஸ் கோப்புறையிலுள்ள எழுத்துருக் கோப்புறையில் இடுங்கள்.

பதுளை, மென்பொருள் பொறியியலாளர்: அப்படியானால் எந்த உள்கட்டமைப்பையும் வெளியே காட்டக் கூடாதா?

விண்டோஸ் காட்டுவதை வைனும் காட்டியே ஆக வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் (நிரலுக்குள் தனியே ஓடும் வேலைத்தொடருக்கும்) டிஇபி, ஒவ்வொரு நிரலோட்டத்துக்கும் பிஇபி என்ற கட்டமைப்புகள் உண்டு. டிஇபியின் தொடக்கத்திலிருந்து 32 பிட்டில் 48 பைட், 64 பிட்டில் 96 பைட் தள்ளி பிஇபியின் முகவரி இருக்கும். பிஇபியில் 2 பைட் தள்ளி, பிழைதிருத்தி இணைந்திருக்கிறதா என்ற குறி இருக்கும். நகல் பாதுகாப்பு நிரல்கள் எந்தச் செயற்கூற்றையும் அழைக்காமல் இந்த இடங்களைத் தாமே படிக்கின்றன. ஒரு பைட் விலகினாலும் நிரல் ஓடாது. வரைகலை ஹேண்டில் அட்டவணையும் இவ்வாறே பிஇபி வழியாகப் பகிரப்படுகிறது. ஆகவே நான் கேட்கும் முதற்கேள்வி எப்போதும் ஒன்றுதான்: அசல் விண்டோஸில் இந்த எல்லையைத் தாண்டி இது தெரிகிறதா? தெரிந்தால் அச்சு அசலாக வையுங்கள். தெரியாவிட்டால் மறைத்து வையுங்கள்.

நுவரெலியா, பல்கலைக்கழக மாணவி: எல்லாவற்றுக்கும், நிரல்களுக்கிடையே பொதுவான விவரங்களை வைத்திருக்கும் வைன்சர்வரைக் கேட்டால் தாமதமாகாதா அக்கா?

ஆகும் தங்கை. அதனால்தான் அண்மைக் காலத்தில் சில தரவுகளைச் சர்வர் பகிர்நினைவகத்தில் எழுதுகிறது. நிரல்களுக்குப் படிக்கும் உரிமை மட்டும். எழுதத் தொடங்கும்போது அத்தரவோடு உள்ள வரிசை எண் ஒற்றைப்படையாகும், முடிந்ததும் இரட்டைப்படையாகும். படிப்பவர் முன்னும் பின்னும் எண்ணைப் பார்த்து, அது ஒற்றைப்படையாக இருந்தாலோ மாறியிருந்தாலோ மீண்டும் படிப்பார். ஒருவர் மட்டுமே எழுதுகிறார் என்பதால்தான் இந்தப் பகிர்வை நான் ஏற்கிறேன்.

பண்டாரவளை, ஆசிரியை: கசிந்த விண்டோஸ் மூலநிரலைப் பார்த்துக் கட்டமைப்புகளை அறியலாமா?

கூடாது ரீச்சர். அதைப் பார்த்தவர் எழுதும் நிரலை வைன் திட்டம் ஏற்காது. வெளியான ஆவணங்களைப் படியுங்கள். சிறிய சோதனை நிரல் எழுதி, அசல் விண்டோஸில் ஓட்டி, என்ன திரும்பி வருகிறது என்று பாருங்கள். வைனின் சோதனைத் தொகுப்பு விண்டோஸிலும் ஓடும் விதமாகவே எழுதப்படுகிறது. உங்கள் மாணவர்கள் தொடங்க விரும்பினால் காம்சிடிஎல்32 என்ற நூலகத்தின் சோதனைகளில் தொடங்கட்டும். பொத்தான், பட்டியல் போன்ற கண்ணில் தெரியும் பொருள்களாக இருப்பதால் விளங்குவது எளிது.